கோல் போஸ்ட் அடியில் பட்டுத் தண்ணீர்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். வட்டாரப் போட்டிக்கு முந்தைய வாரங்களில் அது மூக்கை விட்டு இறங்கவே இல்லை.

ஆரணியில் ஒரு மிஷன் பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருக்கிறேன். அப்போது எங்கள் மைதானம் பாதி அருகம்புல், பாதி பொட்டல். கோல் போஸ்ட் முன்னால் சுத்தமாகப் பொட்டல். அதில் பாய்ந்து விழுந்து விழுந்து எங்கள் பெண்கள் கால்பந்து அணியின் கோல் கீப்பருக்கு முழங்கைத் தோல் ஆறியதே கிடையாது.

பள்ளிக் குழுத் தலைவர் வந்து சுற்றிப் பார்த்தார். "போட்டிக்குள்ள தரை முழுக்கப் பச்சையாவணும் டீச்சர். இல்லன்னா மொத்தமா பேவர் கல்லு போட்டுடலாம்" என்றார். கல் போட்டால் கார் நிறுத்தலாம், கல்யாண வரவேற்பு வைக்கலாம். பெண் பிள்ளைகள் பந்தாட மட்டும் இடமிருக்காது.

கையோடு யூரியா மூட்டைகளையும் அனுப்பிவிட்டார். மைதானத்து ஓரத்தில்தான் குடிநீர்க் கிணறு. தரையோ மணல். போடும் யூரியாவில் பாதி மழையோடு கிணற்றுக்குத்தான் இறங்கும். சொன்னேன். "ஊரே போட்டுகினுதான் இருக்குது. இன்னா ஆயிடுச்சி?" என்றார். ஊரே போடுவதுதான் என் பயம். மூட்டைகளைப் பந்து வைக்கும் அறையில் போட்டுப் பூட்டினேன்.

வேறு எதைப் போடுவது? பச்சைச் சாணம் கூடாது. விழுந்து புரளும் பிள்ளைகளின் காயத்தில் படும். கடலைப் புண்ணாக்கு நல்ல சத்துதான், ஆனால் அந்த வாசத்துக்கு ஊர்ப் பன்றிகள் வந்து தரையை உழுதுவிடும். கடைசியில் வெம்பாக்கம் பக்கமிருந்து மண்புழு உரமும் வேப்பம் புண்ணாக்கும் வரவழைத்தேன். பொட்டலில் புல் கரணைகளை நட்டோம். உரத்தைச் சலித்து, மணல் கலந்து, மெல்லிசாகத் தூவித் தண்ணீர் விட்டோம். புல் தன் இஷ்டத்துக்குத்தான் வளர்ந்தது. பதறாத காரியம் சிதறாது என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு உள்ளுக்குள் பதறிக்கொண்டிருந்தேன். ஒருவழியாகக் கோல் போஸ்ட் முன்னாலும் பச்சை ஓடியது.

ஒரு திங்கட்கிழமை காலை அங்கே கால் வைத்தேன், வழுக்கியது. சோப்பு வாடை. காலி டிரம்மோடு கோல் கீப்பரின் அப்பா நின்றிருந்தார். கச்சாப் பட்டு நூலை அவித்துப் பசை எடுத்துக் கொடுப்பது அவர் தொழில்.

"ரசாயனம் வோணாம், உயிருல இருந்து வந்ததுதான் மண்ணுக்குத் தீனின்னு பெத்தவங்க மீட்டிங்ல சொன்னீங்களே டீச்சர். இது பட்டு அவிச்ச தண்ணிங்க. பூராவும் புழுவோட பசை. பாப்பா விழற எடத்துலயே ஊத்திட்டேன். இனிமே மெத்துன்னு இருக்கும்."

பசை புழுவுடையதுதான். அதைக் கரைக்கப் போட்ட சோப்பும் சலவைச் சோடாவும் யாருடையவை? பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

"உங்க கையப் பாருங்க" என்று கத்தினேன். "உங்க தோலையே உரிக்கிற தண்ணி புல்லை விட்டுடுமா?"

அவர் விரல்களை விரித்துப் பார்த்தார். வெளுத்து, நுனியெல்லாம் தோல் உரிந்த விரல்கள். டிரம்மைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அப்படிக் கத்தியிருக்க வேண்டாம்தான்.

புல் மஞ்சளித்தது, பிறகு கருகியது. தலைவர் பார்வையிட வரும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் விட்டு அலசினால் சோடா கிணற்றுப் பக்கம் போகுமோ என்று பயம். வெந்த மண்ணை அப்படியே வெட்டி அள்ளிவிடுவது என்று முடிவு செய்தேன். கூப்பிடாமலே கோல் கீப்பரின் அப்பா மண்வெட்டியோடு வந்தார். அவர் தெரு நெசவாளர்களும் தறியை நிறுத்திவிட்டு வந்தார்கள். புது மண்ணும் மண்புழு உரமும் நிரப்பி, சுவர் ஓரத்துப் புல்லை வேரோடு பாளம் பாளமாகப் பெயர்த்து வந்து பதித்தோம். வேர் பிடிக்க அவகாசம் போதவில்லை.

தலைவர் வந்தார். சுற்றிலும் பச்சை, கோல் போஸ்ட் முன்னால் மட்டும் ஒட்டுப்போட்ட புடவை. செருப்பு நுனியால் ஒரு விளிம்பை நெம்பினார். "ஆளு விழுந்தா பேந்துடும். யூரியா போட்டிருந்தா இந்தப் பேஜாரே இல்ல."

"விழுந்து பாக்கட்டுங்க" என்றேன். கோல் கீப்பரை நிற்கச் சொல்லிவிட்டு நானே பந்தை மூலைக்கு அடித்தேன். மெதுவாக அடிக்கலாம் என்றுதான் நினைத்தேன். கால் கேட்கவில்லை.

அவள் பக்கவாட்டில் பாய்ந்து முழங்கை தரையில் உரச விழுந்தாள். ஒரு விளிம்பு சுருங்கியது, பெயரவில்லை. பந்து அவள் நெஞ்சோடு இருந்தது.

"சரி, ஆடட்டும்" என்றார் தலைவர். "கல்லு வோணாம். அந்த மூட்டைங்கள ஜல்தியா அனுப்பிடுங்க, கட்டியாயிடப் போவுது."

அவர் கார் போனதும்தான் கவனித்தேன். அவளுடைய அப்பா வெளிக்கதவுக்கு அப்பால், மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார். என் காலடிச் சத்தம் கேட்டும் திரும்பவில்லை.

"புல்லு பேந்துடுச்சாங்க டீச்சர்?"

நான் வாய் திறப்பதற்குள் அவள் ஓடி வந்து, சட்டைக் கையைச் சுருட்டி, முழங்கையை அவர் முன்னால் நீட்டினாள். அவர் அந்த வெந்த விரல்களால் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மண் ஒட்டியிருந்ததைத் தட்டிவிட்டார். தோல் அப்படியே இருந்தது.