தப்பாகத் துடித்த கோடு

கோம்பை மாதிரி ஒரு கிராமத்தில் உட்கார்ந்து ஆராய்ச்சி செய்வது ஒரு தண்டனை. தோட்டங்களில் மோட்டார் போட்டதும் வோல்டேஜ் படுத்துவிடும். போதாததற்கு, இதயத்தைப் பற்றிப் படிக்கிறேன் என்று தெரிந்து தெருவே ஈசிஜி சீட்டோடு வர ஆரம்பித்தது. ஒரே ஒரு இதய செல்லின் மின்துடிப்பைக் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டு ஓட்டி, அது எப்போது தடுமாறும் என்று பார்க்கிறவள் நான். வைத்தியம் தெரியாது என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது.

ஒருநாள் அத்தையும் சீட்டோடு வந்தார்.

"எனக்கு இதப் பாத்துச் சொல்லத் தெரியாது அத்த!" என்று கத்திவிட்டேன்.

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். துடிப்பு தப்பித் தப்பி வருதுன்னு டாக்டரே சொல்லிட்டாக, மாத்திரையும் குடுத்தாக. உள்ள என்னதான் நடக்குதுன்னு ஒருக்கா காட்டு ஆத்தா, போதும்."

எரிச்சலோடு ஓட்டிக் காட்டினேன். திரையில் பச்சைக் கோடு ஏறியது, இறங்கியது. இறங்கி முடிப்பதற்குள் மறுபடி எகிறியது. அத்தையின் கை நெஞ்சுக்குப் போனது.

"இதேதான்" என்றார் மெல்ல.

எனக்கு என்னவோ போலாகிவிட்டது. நிறுத்தப் போனேன். சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நிறுத்தாத ஆத்தா. தட்டுத்தடுமாறியாச்சும் ஓடுதுல்ல."

அந்த நேரம் பார்த்து மோட்டார் போட்டார்கள், வோல்டேஜ் இறங்கியது. லேப்டாப்பிலும் சார்ஜ் இல்லை. ஆய்வுக்கு எதற்கும் உதவாத ஒரு கோட்டுக்காக, இன்வெர்ட்டர் இருக்கிற பக்கத்து வீட்டுக்கு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

இப்போதெல்லாம் ஒவ்வொரு முறை கோட்டை நிறுத்தும்போதும் விரல் ஒரு நொடி தயங்குகிறது. வேலைதான் கெடுகிறது.