பெயரை வெட்டாத பட்டியல்

மணவூர் ஸ்டேஷனில் அரக்கோணம் வண்டிக்கு நின்றிருந்தபோது ஆட்டோ ஓட்டும் பாபுவின் போன் வந்தது. "சார், சுகுணாக்கா போய்ட்டாங்க சார்." எப்போது, எந்த ஆஸ்பத்திரி, யார் கூட இருந்தார்கள் என்று வரிசையாகக் கேட்டேன். "எல்லாத்தையும் நியூஸாவே கேக்கறியே சார்" என்று அவன் அழுதான். முப்பது வருட நிருபர் பழக்கம். நான் பாக்கெட் நோட்டில் நேரத்தைக்கூடக் குறித்திருந்தேன்.

ஆடிக் கிருத்திகையன்று திருத்தணி மலையடிவாரத்தில், காணாமல் போனவர்களைச் சேர்த்து வைக்கும் தொண்டர் பந்தலில் அவரோடு உட்கார்ந்த உங்களுக்காக இதை எழுதுகிறேன். கே.ஜி.கண்டிகைப் பக்கம் ஒரு கல்லூரியில் கணினிகளைப் பார்த்துக்கொண்டவர் அவர். திருவிழா நாட்களில் விடுப்பு எடுத்துக்கொண்டு பந்தலுக்கு வந்துவிடுவார்.

முதல் வருடம் அவர் மேசையில் பார்த்தது பழைய கணினி ஒன்று. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, படம் எதுவும் இல்லை. "ஏன் மேடம், மவுஸ் வெச்சு கட்டம் போட்டுத் தர சாஃப்ட்வேர் எல்லாம் இருக்குதே?" என்றேன். "இந்தத் தூசியில மவுஸ் பொழுது சாயறதுக்குள்ள செத்துடும் சார். இது சாகாது" என்றார். செய்யவேண்டிய கட்டளைகளை ஒரு கோப்பில் வரிசையாக எழுதி வைத்தால் கணினி அதை மேலிருந்து கீழே படித்துச் செய்துகொண்டே போகும். அதுதான் ஷெல் ஸ்கிரிப்ட் என்று எனக்குச் சொன்னவர் அவர்தான். அரை மணிக்கு ஒருமுறை அது ஒரு பட்டியலை அச்சடித்துத் தள்ளும். ஒரு பிரதி தட்டியில் ஒட்டப்படும். இன்னொன்று மைக்கில் வாசிக்கப்படும்.

அந்தப் பட்டியல் முதலில் கோணலாகத்தான் வந்தது. பெயருக்கு இத்தனை இடம், வயதுக்கு இத்தனை, ஊருக்கு இத்தனை என்று printf என்ற அச்சிடும் கட்டளையில் அகலம் கொடுத்திருந்தார். ஆனால் ஒரு தமிழ் எழுத்தைக் கணினி உள்ளே மூன்றாகவோ ஆறாகவோ எண்ணுகிறது. தாளில் அது பிடிக்கும் இடம் வேறு. ஊர் போய் வயதின் கீழ் நின்றது. "இன்னா மேடம், பாட்டிக்கு வயசு கனகம்மாசத்திரமா?" என்று மைக்கில் வாசிப்பவர் கிண்டல் செய்தார். சுகுணாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. எழுத்துகளை எண்ணும் விதத்தை மாற்றினார். கட்டத்தைத் தாண்டுகிற பெயரை அங்கேயே வெட்டிவிடும்படியும் செய்தார். அடுத்த பட்டியல் கோடு போட்டதுபோல் நேராக வந்தது. அதைப் பாராட்டி நானே மூன்று வரி செய்தி எழுதினேன்.

மறுவருடம் நகரிப் பக்கத்திலிருந்து வந்த ராகவம்மா என்ற அம்மா கூட்டத்தில் மகனைப் பிரிந்து பந்தலுக்கு வந்தார். தெலுங்குக் குடும்பம். அவர்கள் வீட்டுப் பெயரை முதலில் சொல்வார்கள், சொந்தப் பெயர் பிறகுதான் வரும். நீளமான அந்த வீட்டுப் பெயரோடு கட்டம் முடிந்துவிட்டது. காலையில் அதே வீட்டுப் பெயருள்ள வேறொரு அம்மாவும் வழிதவறிப் பந்தலுக்கு வந்து, உறவினர்கள் வந்து வேனில் கூட்டிக்கொண்டு போயிருந்தார்கள். ராகவம்மாவின் மகன் தேடி வந்தபோது தட்டியில் அந்தப் பெயருக்கு எதிரே 'சேர்ந்தார்' என்றிருந்தது. "பாவா, அம்மா நம்மாளுங்க வேன்ல போயிடுச்சு" என்று உடன்வந்த மைத்துனரிடம் சொல்லிவிட்டு அவர் ஊருக்குப் பஸ் ஏறிவிட்டார்.

அந்த அம்மா பந்தலின் பின்வரிசையில் மதியம் முழுக்க உட்கார்ந்திருந்தார். சர்க்கரை நோயாளி. தலை சுற்றிச் சரிந்தபோதுதான் கவனித்தோம். மைக்கில் கூப்பிட்டது காதில் விழவில்லையா என்று சுகுணா கேட்டார். "அது எங்க ஊட்டுப் பேரும்மா. எங்க ஊர்ல பாதிப் பேருக்கு அதான். என்னியத்தான் கூப்பிடறாங்கன்னு எனக்கு எப்பிடித் தெரியும்?"

டாக்டர் வந்தார், அம்மா தேறினார், மகன் சாயங்காலத்துக்குள் திரும்பி ஓடிவந்தார். "கூட்டத்துல இதெல்லாம் சகஜம்மா" என்று தொண்டர் தலைவர் சமாதானம் சொன்னார். சுகுணா மகனுக்கு முன்னால் எழுந்து நின்றார். "தப்பு கூட்டத்து மேல இல்லீங்க. பார்க்க அழகா இருக்கணும்னு உங்கம்மா பேரை நான் வெட்டிட்டேன்." பிறகு என் பக்கம் திரும்பி, "போன வருஷம் பாராட்டி எழுதினீங்களே, இதையும் எழுதுங்க சார்" என்றார். எழுதினேன். தன் பிழையை அச்சில் போடச் சொல்லிக் கேட்ட வேறு யாரையும் நான் இதுவரை சந்தித்ததில்லை.

அங்கேயே உட்கார்ந்து கட்டங்களை எல்லாம் எடுத்தார். ஒரு வரியில் முழுப்பெயர், அடுத்த வரியில் வயது, அடுத்ததில் ஊர், கீழே உடுத்தியிருந்த சேலையின் நிறம். பார்க்க நன்றாக இல்லை. "பேப்பர் ரொம்ப போவுது மேடம்" என்று முணுமுணுத்தார்கள். "பேப்பர் போகட்டும். ஆளு போகக் கூடாது" என்றார்.

கட்டங்கள் பிறகு திரும்பி வந்தன. நீண்ட பெயர் தன் கட்டத்துக்குள்ளேயே மடங்கி அடுத்த வரிக்கு இறங்கும், வயதும் ஊரும் இடம் மாறாமல் காத்திருக்கும். அதற்கு அவருக்குப் பல மாதங்கள் பிடித்தன. பக்கத்து ஊர்த் திருவிழாக்காரர்கள் பென் டிரைவ் கொண்டுவந்து அந்த ஸ்கிரிப்டை வாங்கிப் போனார்கள். எந்த ஊரில் அதைத் திறந்தாலும், கணினி படிக்காமல் தாண்டிவிடும் முதல் வரியில், மனிதர்களுக்காக அவர் எழுதியது இருக்கும்: 'இடம் போதாவிட்டால் தாளை நீட்டு. பெயரை வெட்டாதே.' நம் பந்தலில் பிறந்த வரி அது. எனக்கு அதில் பெருமை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டதும் அந்த வரிதான். விபத்துச் செய்தியிலும் பரிசு பெற்றோர் பட்டியலிலும் இடமில்லை என்று பெயர்களைக் குறைத்தவன் நான். ராகவம்மாவுக்குப் பிறகு குறைத்ததில்லை. சுகுணாவின் மறைவுச் செய்தியை மணவூர் பிளாட்பாரத்திலிருந்தே போனில் சொன்னேன். பத்திரிகை டெஸ்க்கில் இருந்த தம்பி, "சுகுணா, கணினி ஊழியர்னு போட்டா போதாதா சார்? ஒரு பத்தி அளவுதானே இடம் இருக்குது" என்றான். "வேற எதை வேணா எடுத்துடு. பேரைத் தொடாதே" என்று சொல்லி எழுத்து எழுத்தாக வாசித்தேன். மறுநாள் பேப்பரில் அம்மையார்குப்பம் முனிரத்தினம் சுகுணவல்லி என்ற பெயர் இரண்டு வரி பிடித்திருந்தது.