கேமராவில் பதிந்த மல்லிகா

காருக்குக் கேமரா மாட்டுவது என் தொழில். சட்டம் படித்தவனில்லை. ஆனால் சிங்கப்பூர்ப் பாலத்துக்கு இந்தப் பக்கம், கூலாயில் கடை போட்ட நாளிலிருந்து வருகிறவர்கள் கேட்பது சட்டம்தான். இதே தொழிலில் மாட்டிக்கொண்டவர்களுக்கு இந்தத் தலைவலி தெரியும்.

பாலத்துக்கு அந்தப் பக்கம்

வடக்கே இருக்கும் ரெங்கத்திலிருந்து கணேசனும் மனைவி மல்லிகாவும் வந்தார்கள். மகள் சிங்கப்பூரில். வாரம் தவறாமல் போய்ப் பார்ப்பவர்கள். போலீஸின் வேகக் கேமரா வருமுன்னே கத்துகிற கருவி வேண்டும் என்றார் கணேசன்.

"அந்தப் பக்கம் அது காரில் இருந்தாலே குற்றம். பிடுங்கிக்குவாங்க, கேஸும் போடுவாங்க" என்றேன். இந்தப் பக்கம் எப்படி என்றார். போலீஸையே போய்க் கேளுங்கள் என்றேன். மல்லிகாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இவர் ஓட்டுற வேகத்துக்கு அது கத்தாது அண்ணே, தூங்கிடும்."

மைக்

சரி, சாதாரண கேமரா போதும் என்று முடிவானது. உள்ளே பேசுவதும் பதியும் என்றேன். ஆஸ்திரேலியாவில் சில மாநிலங்களில் கூட இருப்பவரைக் கேட்டுத்தான் குரலைப் பதியணுமாம். கணேசன் எங்கோ படித்திருக்கிறார். எனக்கு அடுத்த வண்டி காத்திருந்தது. மைக்கை அணைக்கவா என்று மல்லிகாவைக் கேட்டேன்.

"இருக்கட்டும்லா. வீட்டுல நான் பேசுறத கேக்க ஆளில்ல. இதாச்சும் கேக்கட்டும்."

கார்டு

அடுத்த முறை கணேசன் தனியாக வந்தார். பஸ்ஸில். காய்ச்சலில் மல்லிகா போய்விட்டார். இருவரும் கடைசியாகப் போன பயணத்தில், செடெனாக் பக்கம் ஒரு லாரி மோட்டார் சைக்கிளை இடித்தது கேமராவில் பதிந்திருக்கிறது. போலீஸ் கேமராவின் மெமரி கார்டைக் கேட்கிறது.

"குடுக்க முடியாதுன்னு சொல்ல சட்டம் இருக்கா அண்ணே? அவ குரல் அதுலதான் இருக்கு."

இல்லை என்றேன். பாலத்துக்கு அந்தப் பக்கமும் இல்லை. விசாரணைக்குக் கேட்டால் கொடுத்தே ஆகணும்.

கார்டு நிறைந்தால் பழையதை அழித்துவிட்டுப் புதியது பதியும். அதற்குப் பயந்து மனுஷன் காரையே எடுக்கவில்லை. பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டார். கார்டைத் தொடவும் பயம். பிரதி எடுக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. கடையைப் பூட்டிவிட்டு அவரோடு ரெங்கம் போனேன். கார்டை உருவி மடிக்கணினியில் பிரதி எடுத்தேன். அசலைப் போலீஸில் கொடுத்துவிடுங்கள் என்றேன்.

சரியாக ஏறியிருக்கிறதா என்று ஓட்டிப் பார்த்தேன். லாரி வருவதற்கு வெகு முன்னால் மல்லிகாவின் குரல். "அந்த கோரெங் பீசாங் கடையில நிறுத்துங்க. சூடா பொரிக்கிறான், வாசம் வருது."

திரையில் அந்த வாழைப்பழம் பொரிக்கிற கடை கிட்டே வந்தது. ஓரமாக நகர்ந்தது. போய்விட்டது.

கணேசன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் நிறுத்தல அண்ணே."

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், ஆனால் ரோட்டைப் பார்க்க மட்டும் கேமரா வைத்திருக்கும் ஆளை எந்தப் பக்கத்திலும் நான் இன்னும் பார்க்கவில்லை.