செத்தவருக்கு வந்த விறகு

என் கையெழுத்து கோணல்தான். ஆனாலும் இதை வேறு யாரையும் எழுதச் சொல்லவில்லை. என் வீட்டுச் சாவை நானே எழுதிக்கொள்வேன்.

குன்னூருக்குக் கீழே எங்கள் எஸ்டேட். லைன் என்கிற வரிசை வீடுகளில்தான் எங்கள் குடியிருப்பு. தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டும்போது விழுகிற கிளைக்கு மிலாறு என்று பெயர். வெட்டுவதும் நாங்கள், அதைச் சுமந்துவந்து அடுப்பெரிப்பதும் நாங்கள். நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதுதான் வழக்கம். யாரிடமும் கேட்டு எடுத்ததில்லை.

சர்க்கார் கேஸ் கொடுத்தது. கேஸ் உள்ள வீட்டுக்கு மண்ணெண்ணெய் எதற்கு என்று ரேஷனில் அதை நிறுத்தியது. பிறகு கேஸுக்கே தட்டுப்பாடு என்றார்கள். சிலிண்டர் வண்டி எங்கள் மேட்டுக்கு வருவதை விட்டுவிட்டது. எஸ்டேட்டின் தேயிலை ஃபாக்டரிக்கும் விறகு கிடைக்கவில்லை. ஒரு நாள் காலை வேலைக்குப் பேர் கொடுக்கும் இடத்தில் எஸ்டேட்டை நடத்தும் துரை புதுச் சட்டம் சொன்னார். இனி மிலாறு முழுதும் ஃபாக்டரி பாய்லருக்கு. எடுத்தவர் திருடர், வேலை போகும். பக்கத்தில் நின்ற சங்கத் தலைவர், "நாட்டுக்கே கஷ்டமுங்க. நாமதான் கொஞ்சம் விட்டுக் கொடுக்கோணும்" என்றார். அவர் வீடு குன்னூர் டவுனில். அங்கே கரண்ட் அடுப்பு.

மிலாற்றுக்குக் காவல் போட்டது வேறு யாரையும் அல்ல, என் வீட்டுக்காரரின் அக்கா மகனை. எனக்கு மருமகன் முறை.

அந்த மழையில் வீட்டுக்காரருக்கு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்து, குடிக்கவும் ஆவி பிடிக்கவும் வெந்நீர், உடம்புக்குச் சூடு என்று சொல்லி அனுப்பினார்கள். நான் ஒரு கட்டு மிலாறு எடுத்துத் தலையில் வைத்தேன். மருமகன் வழியில் நின்றான்.

"அத்தை, கீழ போடுங்க."

"உங்க மாமனுக்குச் சுடுதண்ணி வெக்கோணும்டா."

"மாமனுக்குத்தான்னு தெரியுதுங்க. இன்னிக்கு உங்கள விட்டா நாளைக்கு லைனே வந்து நிக்கும். பாய்லருக்குச் சளி புடிச்சா யாரு பாக்கறது?"

கூட நின்ற டிராக்டர்காரன் சிரித்தான். நான் கட்டைப் போட்டுவிட்டு வந்தேன். கெஞ்சவில்லை. லைனில் எந்த அடுப்பும் சரியாக எரியாத நாட்கள் அவை; போய்க் கேட்க வீடும் இல்லை. கொழுந்துக் கூடையை உடைத்து எரித்தேன். ஸ்டூலை எரித்தேன். "அடுத்தது என் காலா?" என்று கேட்டார் வீட்டுக்காரர். சிரிக்கப் போய் இருமல் வந்து, வெகுநேரம் அடங்கவில்லை.

விறைத்துக் கிடந்தபடி ஒரு விடியலில் போய்விட்டார்.

மத்தியானம் வாசலில் டிராக்டர் வந்து நின்றது. தார்ப்பாயை விலக்கினால் நன்றாகக் காய்ந்த கற்பூர மரத்து விறகு, பிளந்து அடுக்கியது. இறக்கியவன் அதே மருமகன்.

"இத்தன நாளா இது எங்கடா இருந்துச்சு?"

"எழவுக்கு எஸ்டேட்டு வெறகு குடுக்கறது பழைய வழக்கமுங்களே அத்தை. உசுரோட இருக்கறவங்களுக்குத்தான் நிறுத்தச் சொன்னாங்க. செத்தவங்களுக்கு நிறுத்தச் சொல்லலீங்க."

நான் விறகைப் பார்த்தேன். உள்ளே கிடந்தவரைப் பார்த்தேன். "குழி வெட்டுங்க" என்றேன்.

லைன் ஆம்பளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "நம்ம சனத்துல எரிக்கறதுதானுங்களே வழக்கம்?" என்றார் ஒரு பெரியவர்.

"வழக்கத்த மொதல்ல ஒடச்சது நானுங்களா?"

மருமகன் பதறினான். "எரிக்கலீன்னா வெறகத் திருப்பிக் கொண்டுபோகோணும் அத்தை. துரை கேப்பாரு."

"எழவுக்குன்னு வந்துச்சு. எழவு ஊட்டுலதான் எரியும். வேணும்னா என்னயத் தாண்டி வந்து எடு."

யாரும் வரவில்லை.

குழியில் தண்ணீர் ஊறியிருந்ததாம். அதிலேயே வைத்து மூடிவிட்டு வந்தார்கள். அதற்குள் நான் முற்றத்தில் கல் கூட்டித் தவலை ஏற்றியிருந்தேன். குளிர்காய்ந்தபடி லைன் பொம்பளைகள் தங்கள் குடங்களையும் கொண்டுவந்து வைத்தார்கள். மண் போட்டுவிட்டு வந்த ஒவ்வொருவருக்கும் தலைமுழுக வெந்நீர் ஊற்றினேன். ஆவி பறந்தது. மருமகன் கடைசியில், நனைந்த வேட்டியோடு வந்து நின்றான். மழைத் தண்ணீர் பிடித்து வைத்த குடத்தை எடுத்து அவன் முன் வைத்தேன்.

ஊற்றிக்கொண்டான். பல் கிட்டியது.

"அத்தை, ஒரு சொம்பு சுடுதண்ணி…"

தவலை தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது.

"பாய்லருக்குப் பத்தாதுப்பா" என்றேன்.