கல் தின்னும் உயிர்களைத் தேடிப் போன லூர்துமேரி

கடந்த திங்கட்கிழமை காலை அரியலூர் அலுவலகத்தில் எனக்கு ஒரு தந்தி வந்தது. லூர்துமேரி காலமானார், அடக்கம் மாலை நான்கு மணிக்கு என்று இருந்தது. அனுப்பியவர் பெயர் சவரிமுத்து. அவர் லூர்துமேரியின் தம்பி என்பது உடனே நினைவுக்கு வரவில்லை. யாரோ விளையாடுகிறார்களோ என்றுதான் முதலில் தோன்றியது. லூர்துமேரிக்கு நாற்பத்து நான்கு வயதுதான். தந்தியை எடுத்துக்கொண்டு தபால் ஆபீசுக்கே நடந்து போய், "இது நிஜமா வந்ததுதானா?" என்று கேட்டேன். அங்கிருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சாவுத் தந்தியில யாரு சார் பொய் சொல்லுவாங்க?" என்றார்.

எதையும் நம்பாமல் இருப்பது என் சுபாவம். அந்தச் சுபாவத்தால் லூர்துமேரிக்கு நான் ஒரு கெடுதல் செய்திருக்கிறேன். அதை மறைத்துவிட்டு அவரைப் புகழ்ந்து எழுத எனக்கு மனம் வரவில்லை.

அவர் வரதராசன்பேட்டைக்காரர். தந்தை பள்ளி ஆசிரியர். திருச்சியில் தாவரவியலில் பி.எஸ்ஸி. முடித்து, எழுபதுகளின் நடுவில், குடிநீரைப் பரிசோதிக்கும் எங்கள் சிறிய ஆய்வகத்துக்கு வேலைக்கு வந்தார். நானும் அவரும் ஒரே நிலையில் உதவியாளர்கள். ரயில் நிலையத்துக்குப் பின்னால் இரண்டே அறைகள். என்ன துடைத்தாலும் மேசைமேல் சுண்ணாம்புத் தூசி படிந்துவிடும்.

அவர் வந்த மூன்றாம் மாதம், திருச்சி தலைமை அலுவலகத்துக்கு என்னைப் பற்றி ஒரு மொட்டைக் கடிதம் போனது. தங்கராசு தண்ணீரைச் சோதிக்காமலேயே முடிவு எழுதுகிறார் என்று புகார். அது உண்மை. வேலை குவிந்த நாட்களில் சில ஊர்களுக்கு நான் அப்படித்தான் எழுதியிருந்தேன். உண்மையாக இருந்ததால்தான் எழுதியவரைக் கண்டுபிடிக்க வேண்டும் என்ற வெறி எனக்கு வந்தது.

என் சந்தேகம் லூர்துமேரியின் மேல் விழுந்தது. மதியம் சாப்பிட்டு முடித்ததும் அவர் கடிதம் எழுத உட்கார்ந்துவிடுவார். பழுப்பு உறைகள் போவதும் வருவதுமாக இருந்தன. அலமாரியின் கீழ்த்தட்டில் செய்தித்தாள் சுற்றிய பாட்டில்களை வைத்திருந்தார். ஒருநாள் பிரித்துப் பார்த்தேன். உள்ளே கறுத்துப் போன சேறு. நான் முடிவு எழுதிய தண்ணீரையெல்லாம் எனக்கு எதிராகச் சேர்த்து வைக்கிறார் என்றே முடிவு கட்டினேன்.

அந்த வருஷம்தான் கிணற்றுப் பிரச்சினை வந்தது. பெரம்பலூருக்குக் கிழக்கே ஓர் ஊரில், காலனி மக்களுக்கென்று புதிதாகக் கிணறு வெட்டியிருந்தார்கள். சில மாதங்களிலேயே தண்ணீர் அழுகிய முட்டை போல நாற ஆரம்பித்தது. குளித்த பெண்களின் வெள்ளிக் கொலுசு கறுத்தது. ஊர்த்தெருவைச் சேர்ந்த பெரியசாமி என்பவர், அந்த இடத்தில் கிணறு வெட்டக் கூடாது என்று முன்பு தகராறு செய்தவர். அவர்தான் கிணற்றில் பூச்சிமருந்தைக் கலந்துவிட்டார் என்று காலனியில் பேச்சு. அவர் ஒரு வாரமாக வீட்டை விட்டு வெளியே வரவில்லை. எந்த நேரமும் கைகலப்பு நடக்கலாம் என்று எங்கள் இருவரையும் அனுப்பினார்கள்.

லூர்துமேரி வாளியை இறக்கித் தண்ணீரை மோந்து பார்த்தார். பிறகு கிணறு வெட்டியபோது கொட்டிய மண்மேட்டில் போய் உட்கார்ந்துவிட்டார். சாம்பல் நிறக் களிமண். அதற்குள் கண்ணாடிச் சில்லு போல ஜிப்சக் கல் மின்னியது. அரைமணி நேரம் கழித்து எழுந்து வந்து சொன்னார்: "யாரும் எதையும் போடலைங்க. இந்த மண்ணுக்குள்ளயே கண்ணுக்குத் தெரியாத உசுரு இருக்கு. இந்தக் கல்லுல இருக்கறத எடுத்துக்கிட்டு நாத்தத்த விடுது."

கூட்டத்தின் முன்னால் நின்ற அஞ்சலை என்ற பெண் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தார்.

"கல்லைத் திங்கிற பூச்சியா? ஊர்த்தெருக்காரன் எவ்வளவு குடுத்தான் உனக்கு?"

நானும் அதையேதான் நினைத்தேன். லூர்துமேரிக்கு முகம் சிவந்தது. ஆனால் குரலை உயர்த்தவில்லை.

"என்னை நம்ப வேணாம். நீங்களே செஞ்சு பாருங்க. மண்ணை நீங்களே எடுங்க. தண்ணியும் உங்களுக்கு நம்பிக்கையான எடத்துலேர்ந்து எடுத்துட்டு வாங்க."

அஞ்சலை தூரத்துக் கிணறு ஒன்றிலிருந்து தண்ணீர் கொண்டுவந்தார். மண்மேட்டில் ஆழத் தோண்டி ஈரக் களிமண்ணை எடுத்தார். அதை இரண்டு பாட்டில்களில் போட்டு, ஊறிய வைக்கோல் கொஞ்சம் சேர்த்து, விளிம்புவரை தண்ணீர் ஊற்றினார். உள்ளே இருக்கும் உயிர் சாகட்டும் என்று, ஒரு பாட்டிலை மட்டும் தண்ணீர்ப் பானையில் இறக்கி வெகுநேரம் கொதிக்க வைக்கச் சொன்னார் லூர்துமேரி. கால் மெட்டியில் ஒன்றைக் கழற்றி முதல் பாட்டிலிலும், இன்னொன்றை இரண்டாவதிலும் அஞ்சலையே போட்டார். மெழுகை உருக்கி மூடியதும் அவர்தான். லூர்துமேரி எதையும் தொடவில்லை.

"உங்க வூட்டுலயே இருக்கட்டும். நான் ஒரு மாசம் கழிச்சு வரேன். அதுவரைக்கும் யாரு மேலயும் கை வைக்காதீங்க."

"பொய்யா இருந்தா?" என்றார் அஞ்சலை.

"என்னை இந்தக் கெணத்துலயே எறக்கிருங்க."

திரும்பும் பஸ்ஸில் அவரிடம் கேட்டேன், "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று. காலேஜ் பாடத்தில் இதைப் பற்றி இரண்டே பக்கம் வந்ததாம். அதற்கு மேல் படிக்க வேண்டும் என்று நான்கு வருஷமாக அலைகிறாராம். அந்தப் பழுப்பு உறைகளின் கதையை அப்போதுதான் சொன்னார்.

"ஜியாலஜி எம்.எஸ்ஸி.க்கு எழுதினேன் சார். பி.எஸ்ஸி.ல நீ ஜியாலஜி படிக்கலையேன்னுட்டாங்க. மெட்ராஸ்ல மைக்ரோபயாலஜி இருக்கு, ஆனா அங்க எல்லாம் நோய்க் கிருமிதான். விவசாயக் காலேஜ்ல மண்ணுக் கிருமி சொல்லித் தராங்க. அவங்க விவசாயம் படிச்சவங்களத்தான் எடுக்கறாங்க. கடலோரமா ஒரு எடத்துல கடல் சேத்தை ஆராயறாங்க, அங்கயும் கேட்டிருக்கேன். பாட்டனிக்காரங்க கல்லு எங்களுது இல்லங்கறாங்க. கல்லுக்காரங்க உசுரு எங்களுது இல்லங்கறாங்க."

"இப்படி ஒரு படிப்பே இல்லைன்னுதானே அர்த்தம்?"

"இன்னும் பேரு வைக்கலை, அவ்வளவுதான்."

நான் தலையாட்டினேன். உள்ளுக்குள் நம்பவில்லை. அரசாங்க வேலையை விட்டுவிட்டுச் சேற்றைப் படிக்கப் போகிறேன் என்று ஒருவர் சொன்னால், அதற்குப் பின்னால் வேறு ஏதோ இருக்கும் என்றே என் புத்தி சொன்னது.

அடுத்த பத்து நாளில் அவர் வெளியூர் முகாமில் இருந்தபோது அவர் பெயருக்கு ஓர் உறை வந்தது. கனமான, முத்திரை குத்திய உறை. மொட்டைக் கடிதத்துக்கு வந்த பதில் என்று நினைத்தேன். சூடான டீ டம்ளரை வைத்துப் பசையை இளக்கினேன். ஓரம் கொஞ்சம் கிழிந்துவிட்டது.

அது ஒரு பல்கலைக்கழகத்தின் நேர்முகத் தேர்வு அழைப்பு. தாவரவியல் எம்.எஸ்ஸி.யில் ஓர் இடம். ஆய்வை மட்டும் நிலவியல் துறையோடு சேர்ந்து செய்யலாம் என்று பேராசிரியர் தன் கையாலேயே கீழே எழுதியிருந்தார். லூர்துமேரி தேடிக்கொண்டிருந்தது அதுதான். தேர்வுக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தது.

கிழிந்த ஓரத்தைப் பார்த்தேன். கொடுத்தால் பிரித்தது தெரிந்துவிடும். நாளைக்கு ஏதாவது சொல்லிக் கொடுக்கலாம் என்று மேசை இழுப்பறையில் வைத்தேன். மறுநாளும் அப்படியே. அவர் முகாமிலிருந்து திரும்பி வந்து, "எனக்குத் தபால் ஏதாவது வந்துச்சா சார்?" என்று கேட்டபோது, "இல்லையே" என்றேன். ஒரு தடவை இல்லை என்று சொன்ன பிறகு கொடுக்கவே முடியாமல் போய்விட்டது.

மாதம் முடிந்து அந்த ஊருக்குப் போனோம். அஞ்சலை இரண்டு பாட்டில்களையும் தெருவில் எல்லோர் முன்னாலும் வைத்தார். கொதிக்க வைத்தது தெளிவாக இருந்தது. மற்றது அடியிலிருந்து பாதிவரை கரிபோல் கறுத்திருந்தது. மெழுகை உடைத்ததும் கிணற்றின் அதே நாற்றம். மெட்டியை எடுத்து முந்தானையால் தேய்த்தார், கறுப்பு போகவில்லை. இன்னொரு மெட்டி வெள்ளையாகவே இருந்தது. அஞ்சலை இரண்டையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"ஒன்னைத் தப்பாப் பேசிட்டேன் தாயி," என்றார்.

"சந்தேகப்பட்டது தப்பில்லம்மா. பாத்துட்டு மாத்திக்கிட்டீங்க பாருங்க, அது போதும்."

எல்லோரும் ஒத்துக்கொண்டுவிடவில்லை. பெரியசாமிதான் என்று கடைசிவரை சொன்னவர்கள் உண்டு. ஆனால் யாரும் அவர் வீட்டுக்குப் போகவில்லை. அந்தக் கிணற்றை மூடி, வேறு இடத்தில் வெட்டினார்கள்.

அன்று பஸ் நிறுத்தத்தில் நின்றபோது உறையை எடுத்து அவரிடம் நீட்டினேன். தேர்வு முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது. அவர் தேதியைப் பார்த்தார். கிழிந்த ஓரத்தைப் பார்த்தார்.

"எப்ப வந்துச்சு?"

சொன்னேன்.

உறையைப் பையில் போட்டுக்கொண்டார். எதிர்ப்பக்கம் வந்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். இரண்டு பாட்டில்களும் அவர் பையில் இருந்தன. மறுநாளே பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் பேராசிரியரின் மேசைமேல் அவற்றை வைத்தாராம். இடம் நிரம்பிவிட்டது, அடுத்த வருஷம் வா என்று சொல்லியிருக்கிறார் அவர். அந்த ஒரு வருஷமும் லூர்துமேரி என் எதிர் மேசையில் உட்கார்ந்து வேலை செய்தார். தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. மொட்டைக் கடிதம் எழுதியது யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அந்த வருஷம் முழுவதும் நான் ஒரு தண்ணீரைக்கூடச் சோதிக்காமல் எழுதவில்லை.

பிறகு அவர் போனார், படித்தார். அதே ஜிப்சக் களிமண்ணை வைத்தே முனைவர் பட்டம் வாங்கித் திருச்சியில் ஒரு கல்லூரியில் ஆசிரியரானார். இந்த மாதிரி படிக்க எங்கே சேர்வது என்று கேட்டு வரும் மாணவர்களிடம், "படிப்போட பேரைப் பாத்துச் சேராதீங்க. உங்க கேள்வியக் கேட்டுட்டுச் சிரிக்காத வாத்தியார் எந்தத் துறையில இருக்காரோ, அங்க சேருங்க" என்பாராம்.

மூன்று வருஷத்துக்கு முன் அவரைப் பார்க்கப் போனேன். மன்னிப்புக் கேட்டேன்.

"ரொம்ப நாள் உங்க பேரைக் கேட்டாலே எரிச்சல் வரும் சார்," என்றார். "அப்புறம் வேலையில மறந்து போச்சு. ஆமா, எதுக்குப் பிரிச்சீங்க?"

மொட்டைக் கடிதத்தைச் சொன்னேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"உங்களப் பத்தி எழுதணும்னு எனக்கும் தோணுச்சு. எழுதியிருந்தா கையெழுத்துப் போட்டுத்தான் எழுதியிருப்பேன்."

மஞ்சள் காமாலை பதினைந்தே நாளில் அவரைக் கொண்டுபோய்விட்டது. வரதராசன்பேட்டைக் கல்லறைத் தோட்டத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தார்கள். சவரிமுத்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "சாவுக்குச் சேதி சொல்லணும்னு அக்கா சொல்லி வச்ச பேருல உங்க பேரும் இருந்துச்சு" என்றார். எதற்காக என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

ஒவ்வொருவராக ஒரு பிடி மண் போட்டோம். அவருடைய மாணவியர் வரிசையில் வந்தார்கள். மண்ணைப் போட்டவர்கள் கையில் ஒட்டியதைத் தட்டிவிட்டு நகர்ந்தார்கள். ஒரு பெண் மட்டும் தட்டவில்லை. அழுதுகொண்டே வெளிச்சத்தின் பக்கம் திரும்பி, உள்ளங்கையில் ஒட்டியிருந்த ஈர மண்ணைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தாள்.

சென்று வாருங்கள், மேரி. உங்களை நான் நம்பியிருக்க வேண்டும்.