கயித்தண்ட நின்ன மச்சான்

இன்னைக்குக் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுல பின்னாடியிருந்து ஒரு குரல். "மச்சான், எப்டிக்கிற?"

திரும்பினா சடையன். பல வருஷம் முன்னாடி நான் சேஃப்டி சூப்பர்வைசரா இருந்த சைட்டுல பெயிண்டர். வெள்ளிமலைக்காரர்.

அப்போ அஞ்சாவது மாடி வெளிச்சுவருக்குக் கயித்துல தொங்கிப் பெயிண்ட் அடிக்கணும். மொட்டை மாடியில கயிறு கட்டின இடத்துல காவலுக்கு ஒரு ஆள் போட்டேன். சடையன் இறங்கவே மாட்டேன்னுட்டாரு.

"மலையில தேன் எடுக்க எறங்குனா மேல மச்சான்தான் கயித்தண்ட நிப்பான். தங்கச்சி தாலியாச்சே, வுட்டுட்டுப் போவ மாட்டான். இந்தாளு எனக்கு இன்னா முறை?"

நான் எடுத்த எந்த சேஃப்டி கிளாஸ்லயும் இவ்ளோ தெளிவா யாரும் பேசினதில்ல. "சரி, நானே நிக்கிறேன். இனிமே நான்தான் உன் மச்சான்"னேன்.

சுவர் முடியிற வரைக்கும் வெயில்லயே நின்னேன். அப்பப்போ கீழேயிருந்து "மச்சான், கீறியா?"ன்னு குரல் வரும். "இருக்கேன்"னு கத்தணும். இப்போ எல்லாத்துக்கும் ஆப்ல டிக் பண்றோம். அந்தக் குரலை அப்புறம் எந்த சைட்டுலயும் கேக்கல.

இன்னைக்கு அவர் பக்கத்துல அவர் சம்சாரம். நான் பார்த்ததே இல்ல. "அண்ணே"ன்னாங்க. "சின்னவளுக்குத் தையில காது குத்துறோம். நீதாண்ணே தாய்மாமனா மடியில வெச்சிக்கணும்."

"நானா?"

"அன்னிக்குக் கயித்தண்ட நின்னது நீதானே?"

உயரத்துல வேலை செஞ்சா என்னென்ன ஆவும்னு பாடம் எடுக்கறவன் நான். இது அந்த லிஸ்ட்லயே இல்ல.

தாய்மாமன் சீருக்கு என்னென்ன வாங்கணும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க. நின்னாச்சு, இனிமே வுட்டுட்டுப் போவ முடியாது.