தெளியாத குடுவை

ஆராய்ச்சிக் கூடத்தின் பின்பக்கம் இருந்த கழுவும் அறை குக்கர் அக்காவின் ராஜ்ஜியம். விஞ்ஞானிகள் பயன்படுத்திய குடுவைகளையும் தட்டுகளையும் ஆளுயர நீராவிக் கலத்தில் அடுக்கி, உள்ளே இருக்கும் கிருமிகள் பூண்டோடு அழியும்வரை வேகவைத்துக் கழுவுவது பத்தொன்பது வருஷமாக அவர் வேலை. அந்தக் கலம் பிரஷர் குக்கருக்குப் பெரியப்பா மாதிரி இருக்கும். பட்டப்பெயர் அப்படி வந்தது. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர்தான். ஆனால் எந்தக் குடுவை எந்த மேஜையிலிருந்து வந்தது என்பதை வாடையை வைத்தே சொல்லிவிடுவார். அந்த மூக்கை இன்ஷூர் பண்ணி வைக்க வேண்டும் என்பார், பஸ் ஓட்டும் அவர் கணவர்.

மாடியில் ஒரு பெண் விஞ்ஞானி இருந்தார். எல்லோருக்கும் அவர் மேடம். உலகில் எங்குமே இல்லாத ஒரு நுண்ணுயிரை இரண்டு வருஷம் மெனக்கெட்டு உண்டாக்கியிருந்தார். அது எண்ணெய்க் கழிவைத் தின்னும். ஊருக்கு வெளியே ஒரு தொழிற்சாலைக் குட்டையில் அதை விட்டுப் பார்ப்பதாகத் திட்டம். கூடத்தில் ஊட்டுகிற சத்து கிடைக்காவிட்டால் அது இரண்டே நாளில் செத்துவிடும், பயமே வேண்டாம் என்று மேடம் எழுதிக் கொடுத்திருந்தார்.

இதற்கு நெறிமுறைக் குழு ஒப்புதல் தர வேண்டும். குழுவில் விஞ்ஞானி அல்லாத ஒருவர் இருந்தே ஆக வேண்டும் என்பது விதி. வழக்கமாக வரும் வக்கீல் முதுகுவலி என்று படுத்துவிட்டார். ஆள் தேடி ஒவ்வொரு மாடியாக இறங்கியவர்கள் கடைசியில் கழுவும் அறை வாசலில் வந்து நின்றார்கள். ஒரு கையெழுத்துதான், பத்து நிமிஷ வேலை என்றார்கள். அக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு போனார்.

மேடம் படம் போட்டு விளக்கினார். ஆறு தலைகள் ஆடின. காகிதம் கை மாறி அக்காவிடம் வந்தபோது அவர் பேனாவை மூடிவிட்டார்.

"மேடம், வெள்ளிக்கிழமை சத்து இல்லாம வச்சதுன்னு சீட்டு ஒட்டின குடுவைங்க திங்கட்கிழமை எங்கிட்ட வருது. செத்திருந்தா அடியில படிஞ்சு, மேல தண்ணி தெளிஞ்சிருக்கணும். நாலு வாரமா தெளியல. போன வாரம் இன்னும் கலங்கலா இருந்துச்சு."

மிதப்பது செத்த உயிர்களின் கசடுதான் என்றார் மேடம், கொஞ்சம் சூடாகவே. இருக்கலாம், எனக்குத் தெரியாது, அடுத்த குடுவையை வேகவைக்காமல் தருகிறேன், சோதித்துப் பாருங்கள் என்றார் அக்கா. அதைத் தட்டிக்கழிக்கக் குழுவுக்கு வழியில்லை.

வீட்டுக்குப் போன அக்கா, படித்தவர்கள் நடுவில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோமோ என்று மருகினார். வேலை போனால் என் பஸ்ஸுக்குக் கண்டக்டராக வந்துவிடு, ஏறுகிறவர்களை எல்லாம் குறுக்கு விசாரணை செய்யலாம் என்றார் கணவர்.

அடுத்த திங்கட்கிழமை குடுவையிலிருந்து ஒரு துளி எடுத்துச் சத்தில்லாத தட்டில் தடவினார்கள். மூன்றாம் நாள் தட்டு முழுக்க வெள்ளைப் புள்ளிகள். கோடியில் ஒன்று எப்படியோ மாறிப் பிழைத்து, செத்தவற்றின் இடத்தை நிரப்பியிருந்தது. குட்டைத் திட்டம் நின்றது.

அன்று மேடம் முதன்முறையாகக் கழுவும் அறைக்கு இறங்கி வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்து அக்கா ஸ்டூலை விட்டு எழுந்தார். மேடத்தின் கையில் தட்டுகள் நிறைந்த கூடை, கண்கள் சிவந்திருந்தன. எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள் என்றார்.

அக்காவுக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும் கூடையை வாங்கவில்லை.

"உண்டாக்கினது நீங்க மேடம். கொல்றது மட்டும் எப்பவும் என் கையால நடக்குது. இன்னிக்கு நீங்களே பண்ணுங்க. நான் பக்கத்துல நிக்கிறேன்."

மேடம் கலத்தில் தட்டுகளை ஒவ்வொன்றாக அடுக்கினார். கதவை எப்படி இறுக்குவது என்று அக்கா காட்டிக் கொடுத்தார். நீராவி சீறி அடங்க முக்கால் மணி நேரம் ஆனது. அதுவரை இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

"குட்டைல விட்டிருந்தா என்னக்கா ஆகியிருக்கும்?" என்றார் மேடம்.

"அது உங்களுக்கே தெரியலங்கறதுதான் எனக்குப் பயமா இருக்கு மேடம்."

இப்போது மேடம் மூடிய தொட்டிக்குள் புதிதாக ஒன்றை முயன்றுகொண்டிருக்கிறார். அக்கா குழுவின் நிரந்தர உறுப்பினர். போன கூட்டத்தில் அவர் பதினான்கு கேள்விகள் கேட்டார். மேடம் ஒன்பதுக்குப் பதில் சொன்னார். மற்ற ஐந்துக்குச் சோதனை நடக்கிறது. கையெழுத்து இன்னும் விழவில்லை.